மண்ணடி கல் கடை: சுத்தமான ஸ்படிகத்தை விடுங்கள், உள்ளே ஏதாவது சிக்கியிருப்பதைக் கேளுங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராசிக்கல் தேடுகிறவர்களுக்கும், வடகிழக்கு மூலையில் வைக்க ஒரு உருண்டை வேண்டும் என்பவர்களுக்கும் இந்தக் கடை ஏமாற்றமாகத்தான் இருக்கும். "இதை வச்சா என்ன பலன்?" என்று கேட்டால் கடைக்கார பாய், "பாக்க நல்லா இருக்கும்மா, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவார். ஆனால் ஒரு ஸ்படிகம் பூமிக்குள் எப்படி வளர்ந்தது, அதற்குள் அந்தப் பொன்னிற ஊசி எப்படிப் போய் உட்கார்ந்தது, அடியில் தெரிகிற பச்சை நிழல் என்ன என்று தெரிந்துகொண்டு ஒரு கல்லை வாங்க வேண்டும் என்றால் வட சென்னையில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். அந்த ஒன்றை ஏன் குறைத்தேன் என்பது பின்னால் வருகிறது, அதற்கும் நியாயமான காரணம் இருக்கிறது.

கடைப் பெயரைப் போடவில்லை. போடட்டுமா என்று கேட்டதற்கு, "வேணாம் தம்பி, ஃபோன் பண்ணி ஜாதகம் படிச்சுக் காட்டுவாங்க" என்றார். மண்ணடி மெட்ரோவில் இறங்கி, லிங்கிச் செட்டித் தெருவுக்கும் அங்கப்ப நாயக்கன் தெருவுக்கும் நடுவே உள்ள சந்துகளில், இரும்புக் கடைகளையும் போல்ட் நட் கடைகளையும் தாண்டி வந்து, "கல்லு பாய் கடை" என்று யாரிடம் கேட்டாலும் கை காட்டுவார்கள். பூர்வீகம் கீழக்கரை. கீழக்கரை, காயல்பட்டினம் ஆட்களுக்குக் கல் வியாபாரம் தலைமுறைத் தொழில், இவருக்கும் அப்படித்தான். வாப்பா காலத்தில் முத்தும் மாணிக்கமும் விற்ற கடை, இப்போது பெரும்பாலும் குவார்ட்ஸ், அதாவது ஸ்படிகமும் அதன் வகைக் கற்களும்.

கடை சின்னது. மூன்று பேர் நின்றால் நாலாவது ஆள் தெருவில் நிற்க வேண்டும். முன் பக்கக் கண்ணாடி அலமாரியில் ஸ்படிக மாலை, சின்ன லிங்கம், மேரு, பிள்ளையார். தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாளைக் கும்பிட்டுவிட்டு வருகிறவர்களுக்கான சரக்கு அது, கடைக்கு வாடகை கட்டுவதும் அதுதான். நான் சொல்ல வந்தது அதைப் பற்றியில்லை. கல்லாவுக்குப் பின்னால் சுவர் முழுக்க மர இழுப்பறைகள் இருக்கின்றன, அவற்றில்தான் பட்டை தீட்டாத ரஃப் கல் இருக்கிறது. கேட்டால்தான் திறப்பார். கேட்காமல் வந்துவிட்டால், ஜார்ஜ் டவுனில் இருக்கிற இன்னொரு சாமான் கடை என்று நினைத்துக்கொண்டு திரும்பிவிடுவீர்கள்.

சனிக்கிழமை மதியத்துக்கு மேல் போங்கள். அப்போது அவர் மகள் இருப்பார். ஜியாலஜியில் எம்.எஸ்ஸி. முடித்தவர், கல்லாவுக்குப் பக்கத்து மேசையில் இருக்கிற மைக்ராஸ்கோப் அவருடையது. பாய்க்குக் கல்லைத் தொட்டாலே தெரியும், ஆனால் ஏன் என்று விளக்க மாட்டார். "அது அப்படித்தான்" என்பார். மகள் விளக்குவார், அதுவும் கடையில் கூட்டம் சேர்ந்து வாப்பா முறைக்கிற வரைக்கும்.

நான் நின்றிருந்தபோது ஒரு அம்மா மாலை பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மணியாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பாய், இதுல உள்ள பஞ்சு மாதிரி ஏதோ இருக்கே, சுத்தமா ஒண்ணு குடுங்க" என்றார். பாய் இரண்டு மாலைகளை எடுத்துப் போட்டார். ஒன்றில் ஒரு மாசு மருவு இல்லை, இன்னொன்றில் அங்கங்கே மெல்லிய மூட்டம். "இது சுத்தமா இருக்கு, ஆனா இது மண்ணுல வெளஞ்சதா மெஷின்ல வெளஞ்சதான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். இதுல மூட்டம் இருக்கு, இதுக்குப் பண்ணுவேன்" என்றார். அந்த அம்மா சுத்தமானதைத்தான் வாங்கிக்கொண்டு போனார். பாய் மறுபேச்சு பேசவில்லை. ஆனால் அந்த இரண்டு வாக்கியத்துக்காகத்தான் நான் இவ்வளவு எழுதுகிறேன்.

ஏனென்றால் ஸ்படிகத்துக்கு நம் ஊரில் சொல்கிற சோதனை எல்லாம் கண்ணாடியைப் பிடிக்கத்தான் உதவும். கன்னத்தில் வைத்தால் ஜில்லென்று இருக்க வேண்டும் என்பார்கள், உண்மைதான், குவார்ட்ஸ் சூட்டைக் கடத்துகிற வேகம் கண்ணாடியைவிடப் பல மடங்கு அதிகம். இருட்டில் இரண்டு மணிகளை உரசினால் வெளிச்சம் வரும் என்பார்கள், அதுவும் வரும். கண்ணாடியைக் கீறும், கீறத்தான் செய்யும், கடினத்தை அளக்கிற மோஸ் அளவில் குவார்ட்ஸ் 7, சாதாரணக் கண்ணாடி ஐந்தரை பக்கம். என் அத்தை ஒரு கோயில் வாசலில் வாங்கிய மாலையை இங்கே கொண்டுவந்து காட்டியபோது பாய் லென்ஸை வைத்த உடனே கண்ணாடி என்றார். உள்ளே உருண்டை உருண்டையாகக் காற்றுக் குமிழி. பெரிய உருண்டைகளுக்கு அவர் செய்து காட்டுகிற சோதனை இன்னும் அழகு: வெள்ளைத் தாளில் பேனாவால் மெல்லிய கோடு போட்டு, அதன் மேல் உருண்டையை வைத்து மெல்லச் சுற்றச் சொல்வார். குவார்ட்ஸ் என்றால் ஏதோ ஒரு கோணத்தில் கோடு இரண்டாகப் பிரிந்து தெரியும், கண்ணாடி என்றால் எப்படிச் சுற்றினாலும் ஒரே கோடு.

ஆனால் தொழிற்சாலையில் வளர்த்த குவார்ட்ஸ் இந்தச் சோதனை எல்லாவற்றிலும் பாஸ் ஆகிவிடும், ஏனென்றால் அது போலி இல்லை, அதுவும் குவார்ட்ஸ்தான். இத்தாலியில் ஜியோர்ஜியோ ஸ்பெட்சியா 1900-களின் தொடக்கத்திலேயே வளர்த்துக் காட்டிவிட்டார். இரண்டாம் உலகப் போரில் ரேடியோ கருவிகளுக்குத் தேவைப்பட்ட குவார்ட்ஸுக்கு எல்லோரும் பிரேசிலை நம்பிக் கிடந்ததால், அதற்கப்புறம் அமெரிக்காவில் பெல் தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வுக்கூடமான பெல் லேபில் இதைத் தொழிலாகவே ஆக்கினார்கள். கனத்த எஃகு உருளைக்குள் காரம் (ஆல்கலி) கலந்த தண்ணீர், அடியில் குவார்ட்ஸ் துண்டுகள், மேலே தொங்கவிட்ட மெல்லிய விதைத் தகடுகள். 350 டிகிரிக்குப் பக்கத்தில், ஆயிரம் வளிமண்டல அழுத்தத்துக்கு மேல், அடிப்பக்கம் கொஞ்சம் கூடுதல் சூடு. கீழே கரைவது மேலே போய்த் தகட்டில் படிகிறது. ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர், அல்லது அதற்கும் குறைவு. உங்கள் கைக்கடிகாரத்தில் நொடிக்கு 32,768 தடவை அதிர்ந்துகொண்டிருக்கிற துண்டு இப்படி வந்ததுதான். அப்படி வளர்ந்த கட்டியில் நல்ல பகுதியை அறுத்து மணியாக உருட்டினால் உள்ளே ஒன்றுமே இருக்காது. மாசு இல்லாத மணியை இயற்கையா இல்லையா என்று பிரிப்பது பரிசோதனைக்கூடத்துக்கே லேசான வேலை இல்லை. அதனால்தான் பாய் சத்தியம் பண்ண மறுத்தார். அந்த அம்மா வேண்டாம் என்று ஒதுக்கிய மூட்டம்தான் அந்தக் கல்லின் பிறப்புச் சான்றிதழ்.

சரி, பூமிக்குள் எப்படி வளர்கிறது? மகள் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன்.

குவார்ட்ஸ் என்பது சிலிக்கானும் ஆக்சிஜனும்தான், காசிமேட்டுக் கடற்கரை மணலில் பெரும்பங்கு அதுதான். கடல் தண்ணீரில் அது கரைகிறதா? நாம் பார்க்கிற அளவில் இல்லை. சாதாரண வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் சில மில்லிகிராம்தான் கரையும். ஆனால் பூமிக்கடியில், அழுத்தத்தில் ஆவியாக முடியாமல் 300 டிகிரிச் சூட்டில் இருக்கிற தண்ணீரில் அதுவே நூற்றுக்கணக்கான மில்லிகிராம் கரையும். அந்தத் தண்ணீர் பாறை வெடிப்புகள் வழியே மேலே ஏறும்போது ஆறுகிறது, அழுத்தமும் குறைகிறது, கரைத்து வைத்திருந்ததைத் தாங்க முடியாமல் வெடிப்பின் சுவரில் விட்டுவிடுகிறது. நூல் கட்டிக் கற்கண்டு விளைய வைக்கிறார்களே, பாகு ஆற ஆற நூலில் கட்டி ஏறுமே, அதே கணக்கு. ஆனால் கற்கண்டுப் பாகை யாரும் அசைக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். பூமிக்குள் அந்த மரியாதை கிடையாது. நிலம் அசையும், வெடிப்பு மறுபடி திறக்கும், வேறு ஏதேதோ கரைந்த தண்ணீர் உள்ளே வரும், வளர்ச்சி நிற்கும், மறுபடி தொடங்கும். அந்தத் தொந்தரவு எல்லாம் கல்லுக்குள் பதிவாகிறது.

இடம் இல்லாமல் நெருக்கடியில் படிந்தால் வெறும் வெள்ளைக் கட்டியாகிவிடும். பாறைகளில் ஓடுகிற வெள்ளை நாளங்கள் அப்படிப்பட்டவை. கொஞ்சம் காலி இடம் கிடைத்தால்தான் ஆறு பட்டையும் கூர் முனையும் வரும். ஒரு பக்கம் சுவரில் ஒட்டிக்கொண்டு வளர்வதால் பெரும்பாலும் ஒரு முனைதான் கூராக இருக்கும். இரண்டு பக்கமும் கூர் இருந்தால் அது எங்கும் கெட்டியாக ஒட்டாமல் வளர்ந்தது என்று அர்த்தம். நியூயார்க் மாநிலத்தின் ஹெர்கிமர் கற்கள் இந்த ரகம், பாயிடம் கடுகு சைஸில் நாலைந்து இருக்கின்றன, பாட்டில் மூடியில் போட்டு வைத்திருக்கிறார்.

கல் சின்னதோ பெரியதோ, பக்கங்கள் கோணல்மாணலாக வளர்ந்ததோ, பக்கத்துப் பட்டைகளுக்கு நடுவே இருக்கிற கோணம் மாறாது. டென்மார்க்காரர் ஸ்டீனோ 1669-ல் கவனித்துச் சொன்னது. இது வாங்குகிறவர்களுக்கு நேரடியாக உதவுகிற விஷயம். இப்போது எல்லா இடத்திலும் "டவர்" என்று விற்கிறார்களே, பளபளவென்று ஆறு பட்டையோடு நிற்கிற தூண், அதில் பெரும்பாலானவை கட்டிக் குவார்ட்ஸை அறுத்து மெருகேற்றிச் செய்தவை. கல் அசல்தான், வடிவம் மெஷினுடையது. தானாக வளர்ந்த கல்லில் பக்கப் பட்டைகளில் குறுக்கே நெருக்கமாக மெல்லிய கோடுகள் ஓடும், நகத்தை மேலிருந்து கீழாக ஓட்டினால் தட்டுப்படும். மெருகு போட்டதில் அது இருக்காது. பாய் இரண்டையும் தனித்தனி டப்பாவில் வைத்திருக்கிறார், கேட்டால் எது எது என்று சொல்கிறார். ஆனால் டப்பா மேல் எழுதி வைக்கவில்லை. இதைப் பற்றி அப்புறம் சண்டை போடுகிறேன்.

எனக்கு அந்தக் கடையில் பிடித்தது மூன்றாவது இழுப்பறை. அதில் பேண்டம் கற்கள். தெளிந்த கல்லுக்குள்ளே இன்னொரு கல்லின் உருவம் தெரியும், அதே ஆறு பட்டை, அதே கூர், ஆனால் வெறும் கோட்டுருவமாக. வளர்ந்துகொண்டிருந்த கல் ஒரு கட்டத்தில் நின்றிருக்கிறது. நின்ற நேரத்தில் குளோரைட் என்கிற பச்சைத் தாதுவின் தூள் அதன் முகங்களில் படிந்திருக்கிறது. அப்புறம் சிலிக்கா மறுபடி வந்து, அந்தத் தூளை மூடிக்கொண்டு கல் மேலே வளர்ந்திருக்கிறது. ஆக நீங்கள் பார்ப்பது அந்தக் கல்லின் பழைய அளவு. ஒரு துண்டில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று உருவம் இருந்தது, மூன்று தடவை நின்று நின்று வளர்ந்திருக்கிறது.

மகள் அதில் எனக்கு ஒன்றைக் காட்டினார். "அண்ணா, பச்சை எல்லாப் பக்கமும் இருக்கா பாருங்க" என்றார். இல்லை. கூர் முனையின் ஒரு பக்க முகங்களில் மட்டும் அடர்த்தியாக இருந்தது, எதிர்ப்பக்கம் கிட்டத்தட்ட சுத்தம். தூள் மேலிருந்து கீழே விழுந்து படிகிறதில்லையா, அப்படியென்றால் எந்தப் பக்கம் மேலே பார்த்துக்கொண்டிருந்ததோ அந்தப் பக்கத்தில்தான் படியும். அந்தக் கல் வெடிப்பின் சுவரில் எந்தச் சாய்வில் நின்றது என்பதைக் கையில் வைத்துக்கொண்டே சொல்ல முடிகிறது! நான் அந்தக் கல்லைத் திரும்பக் கொடுக்கவில்லை. விலை 850 என்றார், 700-க்கு முடிந்தது. என் வீட்டில் இதைக் கேட்டுவிட்டு, "அழுக்குக் கல்லுக்கா?" என்றார்கள்.

அடுத்த இழுப்பறையில் ஊசிக் கற்கள். பொன்னிறத்தில், செம்பு நிறத்தில் நேராக ஓடுகிற ஊசிகள் ரூட்டைல், அதாவது டைட்டானியம் ஆக்சைடு. கறுப்பாகக் கொஞ்சம் தடித்திருப்பது டூர்மலின் என்கிற வேறொரு தாது. "இது எப்படி உள்ளே போச்சு?" என்று எல்லோரும் கேட்பார்கள் போலிருக்கிறது, மகள் பதிலைத் தயாராக வைத்திருக்கிறார். மூன்று வழி. ஊசி முதலிலேயே அந்த வெடிப்பில் வளர்ந்து நின்றிருக்கும், குவார்ட்ஸ் பின்னால் வந்து விழுங்கியிருக்கும். அல்லது இரண்டும் ஒரே சமயத்தில் வளர்ந்திருக்கும். அல்லது குவார்ட்ஸ் சூடாக இருந்தபோது தன் கட்டமைப்பில் கொஞ்சம் டைட்டானியத்தைச் சேர்த்துக்கொண்டிருக்கும், ஆறும்போது அதை வைத்துக்கொள்ள முடியாமல் உள்ளேயே மிக நுண்ணிய ஊசிகளாகப் பிரித்துப் போட்டிருக்கும். கண்ணுக்குத் தெரிகிற தடிமனான ஊசிகள் முதல் இரண்டு வகை. மூன்றாவது வகையை மைக்ராஸ்கோப்பில்தான் பார்க்க வேண்டும்.

ஊசிக் கற்களில் ராஜா என்றால் பிரேசிலில் பாயியா மாநிலத்து நோவோ ஒரிசோண்ட்டே சரக்கு. நடுவில் ஹெமட்டைட் என்கிற இரும்புத் தாதுவின் கறுத்த தகடு, அதன் ஓரங்களிலிருந்து ஆறு திசையிலும் பொன்னிற ரூட்டைல் கதிர் விரிந்திருக்கும். தற்செயல் இல்லை, ஹெமட்டைட்டின் அணு வரிசை ஆறு திசை ஒழுங்கில் இருப்பதால் அதன் மேல் முளைக்கிற ரூட்டைலும் அந்தத் திசைகளிலேயே முளைக்கிறது. பாயிடம் ஒன்றே ஒன்று இருக்கிறது, கட்டைவிரல் நகம் அளவு. விலை கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, விடுங்கள்.

அந்த மூன்றாவது வகை நுண்ணூசிக்கு மகள் எடுத்துக் காட்டியது கடைச் சரக்கே இல்லை, பல்லாவரம் ஜல்லி! தென் சென்னைக்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கறுப்புப் பாறைக்கு உலகம் முழுக்க சார்னோக்கைட் என்று பெயர். புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893-ல் வைத்த பெயர், கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கின் கல்லறை மேல் இருக்கிற கல் இந்த வகை என்பதால். அந்தக் கல்லே சென்னைப் பக்கத்திலிருந்து போனது என்றுதான் கருதுகிறார்கள். அந்தப் பாறையில் இருக்கிற குவார்ட்ஸ் லேசான நீலமாகத் தெரியும். நீலச் சாயம் எதுவும் இல்லை, உள்ளே இருக்கிற மிக நுண்ணிய ஊசிகள் ஒளியைச் சிதறடிப்பதால் வருகிற நீலம். நான் எத்தனையோ தடவை ஜல்லிக் குவியலைத் தாண்டி நடந்திருக்கிறேன், குனிந்து பார்த்ததில்லை, இப்போது பார்க்கிறேன், தெருவில் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

தண்ணீர்க் கல்லைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த விமர்சனம் பாதிதான். வளர்கிற கல்லின் முகத்தில் சின்னப் பள்ளம் விழுந்து, அதை மூடிக்கொண்டு மேலே வளர்ந்தால், எந்தத் தண்ணீரில் வளர்ந்ததோ அந்தத் தண்ணீரே ஒரு துளி உள்ளே அடைபட்டுவிடும். வளர்ந்து முடித்தபின் கல்லில் கீறல் விட்டு, அந்தக் கீறலில் தண்ணீர் புகுந்து, கீறல் மறுபடி கூடிக்கொண்டாலும் துளிகள் சிக்கும், அது தனித்தனியாக இல்லாமல் ஒரு தளத்தில் திரையாகப் பரவியிருக்கும். மாலை மணியில் அந்த அம்மா பார்த்த பஞ்சு அதுதான். பால் வெள்ளைக் குவார்ட்ஸ் வெள்ளையாக இருப்பதற்கும் கோடிக்கணக்கான இந்தத் துளிகள்தான் காரணம்.

துளி அடைபட்டபோது சூடாக இருந்தது, இப்போது ஆறிவிட்டது, ஆறினால் சுருங்கும், சுருங்கிய இடத்தில் ஒரு குமிழி. மைக்ராஸ்கோப்பில் வைத்து மெல்லச் சூடேற்றினால் குமிழி சிறுத்துச் சிறுத்து ஒரு கட்டத்தில் காணாமல் போகும். அந்த வெப்பநிலைக்குக் குறைவாக அந்தக் கல் வளர்ந்திருக்க முடியாது. இங்கிலாந்தில் ஷெஃபீல்டைச் சேர்ந்த ஹென்றி கிளிஃப்டன் சோர்பி 1858-ல் இதைச் சொன்னபோது, மலையை மைக்ராஸ்கோப்பால் பார்க்கிறவன் என்று கிண்டல் செய்தார்களாம். இன்றைக்குத் தங்கச் சுரங்கம் தேடுகிறவர்கள் வரைக்கும் இதே முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள். சில துளிகளில் குமிழியோடு ஒரு குட்டி உப்புக் கனசதுரமும் கிடக்கும், அவ்வளவு உப்பான தண்ணீர். மகள் எனக்கு ஒன்றைக் காட்டினார், துளி, குமிழி, உப்பு மூன்றும் ஒரே சட்டத்துக்குள். கல்லைச் சாய்த்தால் குமிழி நகர்ந்தது. மனிதன் தோன்றுவதற்கு முன்னால் அடைபட்ட தண்ணீர் அண்ணா என்றார். எனக்குப் பின்னால் நின்றவர் "பாய், அந்த மாலைக்கு பில் போடுங்க" என்று கத்தினார். மண்ணடி அப்படித்தான்.

விற்பனைக்கு இல்லாத ஒன்றும் இருக்கிறது: பலுசிஸ்தான் பக்கத்துப் பெட்ரோலியக் குவார்ட்ஸ். பழைய சரக்கு. உள்ளே தண்ணீருக்குப் பதில் மஞ்சள் எண்ணெய். கல்லாவில் கள்ள நோட்டுப் பார்க்கிற புற ஊதா டார்ச்சை எடுத்து அடித்தார், எண்ணெய்த் துளிகள் மட்டும் நீலமாக ஒளிர்ந்தன. கடைக்கு வருகிற குழந்தைகளுக்கு இதைக் காட்டாமல் அனுப்ப மாட்டாராம். அதோடு ஒரு பழைய தஞ்சாவூர் மூக்குக் கண்ணாடியும் அந்தப் பெட்டியிலேயே இருக்கிறது. வல்லத்துக் கல்லில் செய்தது. தஞ்சைப் பக்கத்தில் குவார்ட்ஸைச் சீவித்தான் ஒரு காலத்தில் மூக்குக் கண்ணாடி செய்தார்கள், கண்ணுக்குக் குளிர்ச்சி என்று பேர். அதற்குச் சுத்தமான கல்தான் வேண்டும், அது வேறு கதை.

இப்போது குறை.

லேபிள் கிடையாது. எந்த டப்பாவிலும் எதுவும் எழுதவில்லை. ஊதாக் குவார்ட்ஸான செவ்வந்திக்கல்லை (அமெதிஸ்ட்) சூடாக்கி மஞ்சளாக்கிய சுனேலாவும் (சிட்ரின்), மண்ணிலேயே மஞ்சளாக விளைந்ததும் ஒரே தட்டில் கிடக்கின்றன. சூடாக்குவது குற்றமில்லை. செவ்வந்திக்கல்லின் ஊதா அதில் இருக்கிற கொஞ்சம் இரும்பும் சுற்றுப் பாறையின் கதிர்வீச்சும் சேர்ந்து தந்தது, 400 டிகிரிக்கு மேல் சூடேற்றினால் அது போய் மஞ்சள் வரும், சந்தையில் கிடைக்கிற சுனேலாவில் பெரும்பகுதி அப்படி வந்ததுதான். ஆனால் எது எது என்று கேட்காதவனுக்குத் தெரியாதே! "கேட்டா சொல்றேனே தம்பி" என்கிறார். கேட்கத் தெரியாதவர்கள்தானே பாதிப் பேர். முன் அலமாரியில் "செர்ரி குவார்ட்ஸ்" என்று கேட்டு வாங்கிப் போகிற இளஞ்சிவப்பு மணிகள் இருக்கின்றன, அது குவார்ட்ஸே இல்லை, கண்ணாடி. சூடாக்கிச் சட்டென்று குளிர வைத்துக் கீறல் விட்டு, கீறலில் சாயம் ஏற்றிய பச்சை, நீலக் கற்களும் இருக்கின்றன. உலோக ஆவி பூசி வானவில்லாக மினுக்குகிற துண்டுகளும் இருக்கின்றன. கேட்டால் மூன்றையும் உண்மையாகச் சொல்லிவிடுகிறார், அந்த நேர்மைக்காகத்தான் நான்கு. எழுதி ஒட்டாத சோம்பேறித்தனத்துக்காக ஒன்று குறைவு. மகளிடம் சொன்னேன். "நானும் சொல்லிட்டேண்ணா, ஒட்டினா விக்காதுன்றாங்க வாப்பா" என்றார். அதுதான் விஷயம் என்றால் அது சோம்பேறித்தனமும் இல்லை, இன்னும் மோசம்.

வெளிச்சம் போதாது. கல்லுக்குள் பார்க்க வேண்டிய கடையில் ஒரு டியூப் லைட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? போனில் டார்ச் போட்டுப் பக்கவாட்டில் அடியுங்கள், நேராக அடித்தால் மேல்பளபளப்பு மட்டும்தான் தெரியும். சின்ன லென்ஸ் ஒன்று கையில் கொண்டுபோனால் நல்லது, பாயின் லென்ஸுக்கு எப்போதும் யாராவது வரிசையில் நிற்பார்கள். பேக்கிங் படுமோசம், கல்லைத் தினத்தாளில் சுற்றிக் கொடுக்கிறார், கூர் முனையுள்ள கல் வாங்கினால் டப்பாவும் பஞ்சும் நீங்களே எடுத்துப் போங்கள்.

விலை ரொம்ப மலிவு என்று சொல்ல மாட்டேன். ஊசி உள்ள சின்ன உருட்டுக் கல் 250-லிருந்து, பச்சைப் பேண்டம் 600-லிருந்து, தண்ணீர்த் துளி கண்ணுக்குத் தெரிகிற அளவில் இருந்தால் நாலு இலக்கம். பேரம் பேசலாம், ஆனால் கல்லைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பேசினால் விலை இறங்குகிறது, எடுத்த எடுப்பில் பேசினால் ஏறுகிறது, இதை நான் பக்கத்தில் நின்றே பார்த்தேன். மாலை, லிங்கம் இரண்டுக்கும் பக்கத்துத் தெருக்களில் இதே விலைதான் அல்லது கொஞ்சம் குறைவு. அதற்காக இங்கே வர வேண்டியதில்லை.

வாங்கினால் வீட்டில் கவனிக்க வேண்டியது: தண்ணீர்த் துளி உள்ள கல்லை ஃப்ரீசரில் வைக்கிறேன், அடுப்பருகே வைக்கிறேன் என்று ஆரம்பிக்காதீர்கள், உள்ளே இருப்பது விரிந்து கல் தெறிக்கும். செவ்வந்திக்கல்லை ஜன்னலோரம் வெயிலில் வைத்தால் வருஷக் கணக்கில் நிறம் வெளுக்கும். மற்றபடி சோப்புத் தண்ணீரும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் கடை மூடியிருக்கும், ஞாயிறு திறந்தாலும் மகள் இருக்க மாட்டார். வண்டியில் வராதீர்கள், அந்தத் தெருவில் லாரியிலிருந்து கம்பி இறக்கிக்கொண்டிருப்பார்கள், நிறுத்தவும் முடியாது, திருப்பவும் முடியாது. ஜிபே உண்டு, கார்டு கிடையாது. பில் கேட்டால் கொடுக்கிறார், அதில் கல்லின் பெயரையும், சூடாக்கியதா இல்லையா என்பதையும் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். முனகிக்கொண்டே எழுதுவார்.